பால் சட்டியிலை வைச்ச கறி

அன்பு மகளுக்கு,

நீ போன் எடுக்கிறாய் இல்லை. அதாலைதான் எழுதுறன்.

பிள்ளை பெத்த உடம்புக்கு நல்லதெண்டுதான் மிளகு, சீரகம், மஞ்சள் எண்டு சரக்கு அரைச்சுக் கோழிக்கறி வைச்சனான். கோழியும் உங்கட யூதக் கடையிலைதான் வாங்கினனான். நீலக் கோடு போட்ட சட்டி பாலுக்கெண்டும், அதிலை இறைச்சி படவே கூடாதெண்டும் எனக்கு ஆர் சொன்னது? கலியாணம் கட்டிச் சமயம் மாறினது நீ, நானில்லை. புருசனுக்கு முன்னாலை என்னைப் பிரெஞ்சிலை ஏசி, கறியை அப்பிடியே குப்பையிலை கொட்டினாய். நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு லா சப்பலிலை இருக்கிற என்ர வீட்டுக்குத் திரும்பி வந்திட்டன். பேத்தியைப் பாத்து ஒரு கிழமையாச்சு.

இண்டைக்கு உன்ர புருசன் சிமோன் வந்து கதவைத் தட்டினார். கையிலை புதுச் சட்டி, கத்தி, கோழி.

"மாமி, இது இறைச்சிக்கு மட்டும். அந்தக் கறியை எனக்கும் பழக்கிவிடுங்கோ" எண்டு தெரிஞ்ச தமிழிலை கேட்டார்.

தங்கட முறைப்படி அடுப்பையும் தானே மூட்டினார். வெங்காயம் வெட்டிக் கண் சிவந்துபோய் நிண்டார். மருமகனுக்கு வரத் தோன்றினது, பெத்த மகளுக்குத் தோன்றேல்லை.

எனக்குக் கோவம் இன்னும் அடங்கேல்லை. கறியை அவரிட்டைக் குடுத்துவிடுறன், சூடாச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. மிச்சச் சண்டையை நேரிலை பிடிப்பம்.

உன்ர அம்மா