படகுப் பாயில் சலவைக் குறி

அதியமான்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மணிமேகலைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவள் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனி வழி போய்க்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, காபிக்குப் பிறகு, இரண்டு சுற்று ஆலோசனை நடத்தி, இந்த வீட்டில் இனிமேல் சோப்புத்தூள் கிடையாது, பூந்திக்கொட்டைதான் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டு விழுந்தது. துவைக்கப் போவது யாருங்க என்று உன் அம்மா கேட்டாள். நான்தான் என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பாய் துவைக்க வேண்டும் என்றதும் கோரைப்பாய் இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். அந்தப் பாய் இல்லை, படகுப் பாய் என்று விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்து, ‘பக்கத்து மெத்த வூட்டு சமாச்சாரமா? வேண்டாங்க, இந்த வயசுல’ என்றாள். இந்த வயதுக்காகத்தான் காத்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். உன் தாத்தா மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஜீப் ஓட்டியவர். 1968இல் அந்தம்மா சீமைக்குத் திரும்பும்போது தன் மகன் விளையாடிய பாய்மரப் படகைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டரை அடி நீளம், குடைந்த மரம், அடியில் ஈயக்கட்டை, மேலே இரண்டு பருத்திப் பாய். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று தாத்தா அதை ஒருநாளும் தண்ணீரில் விடவில்லை. ஆறு வருடம் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது. நடுவில் ஒரு பொங்கலுக்குப் பெட்டியைத் தட்டி வைத்த என் அம்மா, அழுக்காயிருக்கிறதே என்று பாய் இரண்டையும் கழற்றி, படுக்கை விரிப்புகளோடு சலவைக்குப் போட்டுவிட்டாள். சலவைக்காரி ராமக்காள் எல்லாத் துணிக்கும் போடுவது போலவே பெரிய பாயின் மூலையிலும் சேராங்கொட்டைப் பாலால் நம் ஓட்டு வீட்டுக் குறியைப் போட்டு, வெள்ளாவி வைத்து, எட்டாம் நாள் மடித்துக் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரன் படகுக்குச் சலவைக் குறி போட வைத்துவிட்டாயே என்று தாத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தக் குறி துணி கிழிந்தாலும் போகாது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் காலத்தில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது.

1974இல், எனக்குப் பன்னிரண்டு வயது, முதல்முறையாக அதை வாசலுக்கு எடுத்துவந்தேன். பக்கத்து மெத்தை வீட்டிலிருந்து என் பெரியப்பா, அதாவது குப்புராஜ் அண்ணனின் அப்பா, வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இது டாக்டரம்மா பங்களா ஏலத்தில் நான் எடுத்தது, ஆறு வருடமாக என் பரணில் இருந்தது, நேற்றுத்தான் தம்பி தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். தாத்தா அண்ணனை எதிர்த்துப் பேசாத மனிதர். அடுத்த வாரம் பார்த்தால் பாயின் அந்த மூலையில் மட்டும் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தது. அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று என் அம்மா அழுதாள். ‘அண்ணன் வூட்டுத் துணிய நான் எப்படிப் பிரிக்கச் சொல்றது’ என்று கேட்டுவிட்டு தாத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதன்பின் எந்தக் கல்யாணத்தில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் செத்த வீட்டில்கூட குப்புராஜ் அண்ணன், ‘சித்தப்பா தங்கமானவரு, கை மட்டும் கொஞ்சம் நீளம்’ என்று பாசத்தோடு சொன்னார். பாடையின் ஒரு முனையை நான் பிடித்திருந்ததால் அப்போது வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது குப்புராஜ் அண்ணனின் மகன் அறிவழகன் நெடுஞ்சாலை ஓரம் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான். நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் படகு, கீழே பித்தளைத் தகடு என்று ஏற்பாடு. பாய்கள் டீ வடிகட்டும் துணி மாதிரி ஆகிவிட்டதால் அண்ணன் நம் வீட்டுக்கு வந்து, ‘காளியப்பா, லைப்ரரில பழைய புக்குக்கெல்லாம் பூஞ்ச எடுத்தவன்தான நீயி, இதயும் பளிச்சுன்னு பண்ணிக் குடுத்துரு’ என்றார். உடனே சரி என்றேன். அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்கலாம். நான் ஒளிவுமறைவில்லாமல், துவைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும், பரவாயில்லைங்களா என்று கேட்டேன். ‘வரட்டும்டா, ஒரு பொட்டு அழுக்கு நிக்கக்கூடாது’ என்றார். தகட்டு வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன், அவர் சொல்லச் சொல்ல. ‘1968இல் எந்தையார் ஏலத்தில் எடுத்தது. ஒரே ஒரு நாள் நீங்கலாக இன்றுவரை எங்கள் இல்லம் நீங்காதது.’ அந்த ஒரே ஒரு நாள் தேவையா என்று இரண்டு முறை கேட்டேன். இருக்கட்டும், அப்போதுதான் சனங்களுக்குப் புரியும் என்று சிரித்தார். இருக்கட்டும் என்று நானும் சிரித்தேன்.

வேலை பதினோரு நாள் பிடித்தது. பாயைத் தொங்கவிடும் கொக்கிகள் துருப்பிடித்து நூலோடு ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். முதலில் வெயிலில் உலர்த்தி மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டி, பிறகு மழைத்தண்ணீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை நுரையில் கசக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தேன். முதல் தண்ணீர் கஷாயம் போல இருந்தது. பிளீச்சிங் போட்டால் பழைய நூல் இற்றுப்போகும் என்பதால் தொடவில்லை. துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். கொடியில் போட்டால் குறுக்குவாட்டில் இழுத்துக்கொள்ளும், அதனால் ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி அதன்மேல் விரித்து நிழலில் காயவைத்தேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். ஒன்பதாம் நாள் ஒட்டுத்துணியின் தையலைப் பிளேடால் பிரித்தேன். ஐம்பது வருடம் வெளிச்சம் படாமல் இருந்ததில் குறி நேற்றுப் போட்டது போல இருந்தது. இரண்டு புள்ளி, ஒரு கோடு. பாயைச் சுருக்கமில்லாமல் மாட்டி, குறி பார்ப்பவர் பக்கம் வரும்படி திருப்பி, நானே பெட்டிக்குள் நிறுத்தினேன். ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்து அண்ணன் அதை மொபைலில் படமெடுத்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்.

போன வியாழக்கிழமை திறப்பு விழா. ராமக்காளுக்கு எண்பது வயதாகிறது, பஸ் ஸ்டாண்டு பக்கம் மகனுடைய இஸ்திரிக் கடையில் உட்கார்ந்திருப்பாள். அவளை அழைக்க அவர்கள் மறந்திருந்தார்கள், நான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, தகட்டை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்து, ‘இது ஓட்டு வூட்டுக் குறியில்ல? மெத்த வூட்டுக்குக் கோழிக்காலு இல்ல போடுவேன்?’ என்றாள். பந்திக்குப் போன கூட்டம் நின்றது. ‘ஆயா, அந்த ஒரு நாள்ல போட்டிருப்பீங்க’ என்றார் அண்ணன். அவள் நிமிர்ந்து, ‘ஏந்தம்பி, எங்கிட்டப் போட்ட துணி எந்தக் காலத்துல ஒரு நாள்ல வந்துச்சு? எட்டு நாளாக்குறேன்னு உங்காத்தா என்னெ எத்தன தடவ வைஞ்சிருக்கும்? ரெண்டு வூட்டு அழுக்கும் எந்த வூட்டுதுன்னு எனக்குத் தெரியுமுங்க’ என்றாள். யாரோ சிரித்தார்கள். இந்த முறை பார்த்துச் சிரித்தது அண்ணனை. ‘அப்பா, குடுத்து அனுப்பிருங்க, படமெல்லாம் எல்லாருக்கும் போயிருச்சு’ என்று அறிவழகனே பெட்டியைத் திறந்தான். தாத்தா பெயரைச் சொல்லி, அவர் எடுக்கவில்லை என்று மைக்கில் சொன்னால்தான் வாங்குவேன் என்று நின்றேன். அண்ணன் சொன்னார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். உன் அப்பா பெருந்தன்மையானவர் என்று அங்கே யாரிடமாவது சொல்லி வைத்திருந்தால் திருத்திவிடு. படகு ராமக்காள் மடியில் ஆட்டோவில் வந்தது, இப்போது உன் புத்தக அலமாரிமேல் இருக்கிறது.

மாப்பிள்ளை கழுத்தில் மப்ளர் இல்லாமல் வெளியே போகவிடாதே. நீ வேளைக்குச் சாப்பிடு, ஆபீசில் யாராவது உன்னைத் தவறாகப் பேசினால் அன்றைக்கே பதில் சொல்லிவிடு, என்னைப் போல் ஐம்பது வருடம் வைத்திருக்காதே. தாத்தா ஆசீர்வாதமும் எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உங்களைச் சேரட்டும். உன் அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஊர்த் தைலம் அனுப்புவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
காளியப்பன்.

பி.கு.: இரண்டு வீட்டுக்கும் பொதுவான போர்வெல்லின் ஸ்விட்ச் மெத்தை வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து நம் குழாயில் தண்ணீர் வருவதில்லை.