செத்தவீட்டுக்காரி ஏறிய கோயில்

என் ராணி மச்சாளுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். தனியாகத்தான். நம்புகிறாயா?

பாரிஸில் எபினேயிலிருந்து லா சப்பல் கடைத்தெருவுக்கு ரயில் ஏறவே உன் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நான். அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நீ வேலை செய்த விமான டிக்கெட் கடைச் சுவரில், மாயா இனத்தவர் கட்டிய ஒரு பழைய கோயிலின் படம் இருந்ததே! அதைக் காட்டி, "ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் குடுக்கிறன், ஒருக்கால் நாங்களும் போவமடி" என்பாய். கடைசியில் இரண்டு பேருக்கும் பதிந்தாய். வருத்தம் வந்து படுத்துவிட்டாய். "நான் வராட்டியும் நீ ஏறு. மேலை நிண்டு என்ரை பேரைச் சொல்லு" என்று ஆஸ்பத்திரியில் சத்தியம் வாங்கினாய்.

உன் அண்ணன், அதுதான் என் மனுசன், விடவில்லை. "தங்கச்சியின்ரை ஆட்டைத் திவசம் முடியேல்லை. ஒரு வருசத்துக்கு நாங்கள் கோயில் படி ஏறப்படாது."

"அது கோயில் இல்லையப்பா, இடிஞ்ச கட்டடம்" என்று சட்டம் பேசிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

குவாத்தமாலாக் காட்டுக்குள் அந்தக் கோயில் நிமிர்ந்து நின்றது. அடிக்குப் போனதும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டேன், ராணி. பிறகு எந்த வாயால் அதைக் கோயில் இல்லை என்பது? படியில் கால் வைக்கத் துணிவு வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து, உனக்குச் செய்த சத்தியத்தை மீறித் திரும்புவதா? கால் சுட்டது. அழுகை வந்துவிட்டது.

வழிகாட்டியாக வந்தவள் மாயாப் பெண், பிரெஞ்சு பேசுவாள். என்ன என்று கேட்டாள். வீட்டில் சாவு, அதனால் ஏறக்கூடாது என்றேன். அவளுக்கு விளங்கவேயில்லை. ஓர் அரசன் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கட்டிய கோயிலாம் அது. "ஆளை இழந்தவர்கள் ஏறத்தானே இதைக் கட்டினார்கள்?" என்றாள்.

ஏறினேன். உச்சியில் நின்று, அர்ச்சனைக்குச் சொல்வதுபோல, "ராணி, ரோகிணி நட்சத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. நீ எனக்குச் செய்ததற்கெல்லாம் அங்கேதான் வாய்விட்டு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால், உன் அண்ணன் முகம் கொடுக்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்துவிட்டு, "ஏறினனியோ?" என்றார்.

"ஓம்."

"பேர் சொன்னனியோ?"

"ஓம்."

"நட்சத்திரம்?" என்று கேட்கும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

திவசம் முடிந்ததும் அவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன், ராணி. இந்த முறை கையைப் பிடித்து ஏற்றுவது நான்.

இப்போது தனியாக ரயில் ஏறும்,
உன் மச்சாள்.