உங்கள் ஸலாமுக்குப் பிறகு

கல்முனைக்குடி
12.08.2009

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மனம் லேசாகித்தான் எழுதுகிறேன், பயப்படாமல் வாசியுங்கள்.

ஒரே கசெட்டில் மாறிமாறிப் பேசி, கட்டாருக்கும் ஊருக்குமாக அனுப்பிக்கொண்டிருந்தோமே. கடைசியாக நம் றுஷ்தா பேசி அனுப்பியதன் மேலேயே நீங்கள் பதில் பேசினீர்கள். அது என் கைக்கு வந்தபோது, கடல் பொங்கி வந்து அவளைக் கொண்டுபோய்ப் பத்து நாளாகியிருந்தது. மகளின் குரலை நீங்களே அழித்துவிட்டதாக நினைத்துத்தான் நாலரை வருடமாக விடுமுறைக்கும் வராமல் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு, பழைய ஒலிநாடாக்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கிறவர்கள் கொழும்பிலிருந்து நூலகத்துக்கு வந்தார்கள். உங்கள் குரலாவது இருக்கட்டும் என்று கசெட்டைக் கொடுத்தேன். நீங்கள் ஸலாம் சொல்லி முடித்ததும், வழக்கம்போல நிறுத்தப் போனேன். அங்கே வேலை செய்த பிள்ளை என் கையைப் பிடித்தாள்.

“வெறும் நாடாவெண்டாலும் கடைசி மட்டும் ஓட விடணும் ராத்தா. அதுதான் எங்கட முறை.”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு நம் றுஷ்தாவின் குரல்.

“வாப்பா, வரக்குள்ள சிவப்புச் சப்பாத்து கொண்டு வாங்க. அளவு தெரியாட்டிப் பெரிசா வாங்குங்க, நான் வளந்திருவன்.”

நாலு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று உங்களோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! அல்ஹம்துலில்லாஹ், அன்றும் சுருக்கமாகத்தான் பேசியிருக்கிறீர்கள்.

பிரதி என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். பெருநாளைக்கு வந்து, என் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா