வாலாஜாபாத் வரை

19 ஜனவரி 2025, ஞாயிறு

தாமலில் கலாவதியின் சித்தப்பா நிலத்துக் கிணறுதான் எனக்கு நீச்சல் குளம். சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்த வேண்டும். இடப்பக்கமாகச் சுற்றித் தலை கிறுகிறுத்ததும் வலப்பக்கமாகச் சுற்றினேன். மோட்டார் கொட்டகை நிழலில் நின்றுகொண்டு கலாவதி கத்தினாள்: "தண்ணிய தட்டிக்கினே இருந்தா எப்பமா கரை சேர்றது? இழு, வயித்துக்கு அடியில இழு!" கல்லூரியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. நான் அதே கல்லூரியின் நூலக உதவியாளர். மார்ச்சில் கோவளத்தில் போட்டி. கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பிறகு இருபது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். முப்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அதுதான் காரணமோ என்னவோ.

பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வள்ளி அதற்குள் என் மாமனாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, என் மகள் ஜீவிதாவுக்குத் தலை வாரிவிட்டிருந்தாள். என் கணவர் தறியில் இருந்தார். "ஈரத்தலையோட நிக்காதீங்க அண்ணி, சளி புடிச்சிக்கும்" என்று காபியைக் கொண்டுவந்து கொடுத்தாள் வள்ளி. நாத்தனார் கையால் காபி வாங்கிக் குடிப்பது சுகமாகத்தான் இருந்தது. குடித்து முடித்த பிறகுதான் அவள் இன்னும் குளிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

23 ஜனவரி

ஜீவிதாவின் கணக்குப் பரீட்சை இன்று என்பது அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வள்ளிக்குத் தெரிந்திருக்கிறது.

30 ஜனவரி, வியாழன்

அஞ்சல்வழி முதுகலைக்கு இரண்டு கட்டுரைகள் பாக்கி. மதிய உணவு நேரத்தில் எழுத உட்கார்ந்து மேசையிலேயே தூங்கிவிட்டேன். காலையில் ஓட்டம், பகலில் வேலை, சாயங்காலம் படிப்பு. இதற்கு நடுவில் வீடு எங்கே இருக்கிறது? வீட்டை வள்ளி பார்த்துக்கொள்கிறாள். இதை எழுதும்போதே கூசுகிறது.

இன்று அவளுக்கு ஒரு நல்ல செய்தி. கம்ப்யூட்டரில் புடவை பார்டர் டிசைன் வரையக் கற்றுக்கொண்டு இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ரயில்வே ரோட்டில் புதிதாக வந்திருக்கும் டிசைன் நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பிப்ரவரி எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வரைந்து காட்ட வேண்டும். "நடந்தே போய்ட்டு வரலாம் அண்ணி. மதியானம் ஓடி வந்து அப்பாவ பாத்துட்டு போய்டலாம்." அவள் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

அவர் தறிக்குப் பாவு நூல் வாங்க நாளை விடியலிலேயே ஆரணி போகிறார். ஜீவிதாவுக்கு ஆண்டு விழா ஒத்திகை. பக்கத்து வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறார்கள். பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்ததிலிருந்து மாமாவைத் தனியே விடுவதில்லை. ஒருமுறை விட்டு, விழுந்து, தையல் போட்டாயிற்று.

"காலைல சைக்கிள் எடுக்கறீங்களா அண்ணி?" என்று வள்ளி கேட்டாள்.

"ஐயம்பேட்டை வரைக்கும் போய்ட்டு ஒம்போது மணிக்கு முன்னாடி வந்துடுவேன். நீ நிம்மதியா கெளம்பு."

எனக்கு நாளை கல்லூரி விடுமுறை. ஒரு நாள் சைக்கிளை எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டதே அதற்குத்தான் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

8 பிப்ரவரி, சனி

என்ன செய்துவிட்டேன்.

ஐயம்பேட்டையில் திரும்பியிருக்க வேண்டும். நேரம் இருந்தது. ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளியது, கால் வலியே இல்லை, இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அப்படி ஓடியதில்லை சைக்கிள். இன்னும் கொஞ்சம், அடுத்த பாலம் வரை, அடுத்த பெட்ரோல் பங்க் வரை. வாலாஜாபாத்தே வந்துவிட்டது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் உறைத்தது, இத்தனை நேரம் என்னைக் கொண்டுவந்தது என் கால் இல்லை என்று. போன் அடித்தது. வள்ளி பெயரைப் பார்த்தேன். நின்று எடுத்தால் இன்னும் தாமதம், இதோ போய்விடலாம் என்று எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா பக்கத்தில் எதிர் வீட்டுப் பரசுராமன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "நான் இப்பதாம்மா வந்தேன். வாசல்ல நின்னுக்கினு அழுதுது பொண்ணு. நான் பாத்துக்கறேன், நீ ஓடுன்னு அனுப்பி வச்சேன்."

பன்னிரண்டு மணிக்கு முன்பே வள்ளி திரும்பி வந்தாள். பத்தே காலுக்குப் போயிருக்கிறாள். எல்லோரும் வரைய ஆரம்பித்துவிட்டார்களாம், உள்ளே விடவில்லை.

"இன்னா ஆச்சு அண்ணி? உங்களுக்கு எதுனா ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"பஞ்சர்மா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஞ்சர், கடை திறக்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன், அப்புறம் ஒட்டினேன், போன் பையில் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

"பஞ்சர்னா நீங்க இன்னா பண்ணுவீங்க. விடுங்க. போய் குளிங்க, வேர்வைல நனைஞ்சிருக்கீங்க."

9 பிப்ரவரி

கிணற்றுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கலாவதியிடம் சொன்னேன். இரண்டாவது பொய்.

13 பிப்ரவரி, வியாழன்

வள்ளி போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஆள் எடுத்தாகிவிட்டதாம். அதை வந்து சொல்லிவிட்டுப் பழையபடி மாமாவுக்குச் சாதம் பிசைய உட்கார்ந்தாள். நான் ஓடுவதை நிறுத்தியதைப் பார்த்து என்னிடம், "போட்டிக்கு கொஞ்ச நாள்தானே இருக்குது, ஏன் விட்டுட்டீங்க? போங்க" என்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளை விடியலில் ஓடப் போவேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

20 பிப்ரவரி, வியாழன்

கல்லூரியிலிருந்து வந்தபோது சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார் அவர். புது ட்யூப் வாங்கி வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் மாற்றி வைக்க. "போட்டி அன்னிக்கு ஒட்டு பிச்சிக்கினா இன்னா பண்ணுவே?" என்று நினைத்தாராம்.

பழைய இரண்டு ட்யூப்களும் அவர் மடியில் கிடந்தன. இழை அறுந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் விரல்கள். இரண்டையும் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒட்டு எங்க சந்தியா?"

 அவர் என் முகத்தைப் பார்த்தார். ட்யூப்களைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

21 பிப்ரவரி

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வாலாஜாபாத், காற்று, போனை எடுக்காதது. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன்.

"வள்ளிகிட்ட சொல்லாத."

"ஏங்க?"

"தெரிஞ்சா இந்த வீட்டுல எதையும் தொடமாட்டா. அப்பாவ யாரு பாக்கறது? நீ வேலைக்கு போற, நான் தறிய விட்டு எழுந்துக்க முடியாது. போனது போச்சு. அப்படியே விடு."

அவருக்கு என்மேல் கோபம் இல்லை. பயம், அவ்வளவுதான். எனக்கும் அதுதானே வசதி? இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

22 பிப்ரவரி

வள்ளி எனக்கு வேர்க்கடலை உருண்டை செய்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். சைக்கிள் ஓட்டும்போது தெம்பாக இருக்குமாம்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வள்ளி, அன்னிக்கு பஞ்சர் ஆவல. நான் வாலாஜாபாத் போய்ட்டேன். நீ போன் பண்ணது தெரியும். எடுக்கல." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

கையிலிருந்த ஜீவிதாவின் பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள், கிளிப் போட்டாள். அப்புறம் கேட்டாள்.

"ஏன் போனீங்க?"

"நல்லா இருந்துது. அதான்."

"நல்லா இருந்துதா?" என்றாள். "எனக்கு அன்னிக்கு வாசல்ல நிக்கும்போது எப்படி இருந்துது தெரியுமா அண்ணி? வேலை போச்சேன்னுகூட தோணல. லாரி எதுனா அடிச்சிடுச்சா, ரோட்ல கெடக்கறாங்களா, ஜீவிதாகிட்ட இன்னா சொல்றதுன்னு நின்னுக்கினு இருந்தேன். நீங்க நல்லா இருந்துதுன்னு ஓட்டிக்கினு இருந்தீங்க."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

24 பிப்ரவரி

வள்ளி பேசவில்லை.

25 பிப்ரவரி

அவரும் பேசவில்லை. சொல்லாதே என்று சொல்லியும் சொன்னதற்கு. மாமா மட்டும்தான் என்னோடு பேசுகிறார். அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே சொல், "வா". தண்ணீருக்கும் "வா", வலிக்கும் "வா".

2 மார்ச், ஞாயிறு

கலாவதிக்குப் போன் போட்டுப் போட்டிக்கு வரவில்லை என்றேன். சமையலறையிலிருந்த வள்ளி காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

போனை வைப்பதற்குள் வந்து நின்றாள். ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

"யாருக்காக விடறீங்க?"

"உனக்கு நான் பண்ணதுக்கு..."

"நான் கேட்டேனா? நாளைக்கு நாலு பேருகிட்ட வள்ளிக்காக விட்டேன்னு சொல்லிக்கினு இருப்பீங்க. நானும் கூனிக்கினு கேட்டுக்கினு இருக்கணும். என் வேலையும் போச்சு, உங்க ஓட்டமும் என் தலைமேலயா? வேணாம் அண்ணி. போறதும் போவாததும் உங்க இஷ்டம். எம்பேர இழுக்காதீங்க."

பிறகு தறியின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உனக்கும்தான் சொல்றேன். நாளைலேர்ந்து காலைல அப்பா உன் பொறுப்பு. எனக்கு பெங்களூர்ல ஒரு கம்பெனிக்கு வரைஞ்சி அனுப்பணும். பத்து மணி வரைக்கும் என்ன யாரும் கூப்புடாதீங்க."

தறிச் சத்தம் நின்றது.  எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாகக் காலை நேரத்தை நானும் வள்ளியும்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பங்கில் அவர் இருக்கவே இல்லை. நானும் ஒருநாள்கூட அவரைக் கேட்டதில்லை. அவர் தங்கச்சியைக் கேட்பது சுலபமாக இருந்தது.

4 மார்ச்

மாமாவைக் குளிப்பாட்டுகிறேன் என்று பாதித் தண்ணீரைத் தன்மேல் ஊற்றிக்கொண்டார் அவர். சவரம் செய்தபோது தாடையில் கீறிவிட்டது. மாமா "வா, வா!" என்று திட்டினார், அது திட்டுதான். வள்ளியின் அறைக் கதவு திறக்கவில்லை. நான் உதவிக்குப் போனேன். "நீ போ, எனக்கு தெரியும்" என்றார். அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வந்துவிட்டேன்.

8 மார்ச்

கலாவதியிடம் திரும்ப வருகிறேன் என்றேன். "உன் பேர லிஸ்ட்லேர்ந்து நான் எடுக்கவே இல்லமா" என்றாள். விடியலில் ஓடினேன், ஐயம்பேட்டை வழியாக இல்லை, ஊருக்குள்ளேயே. அவர் மாமாவை எழுப்பும் நேரத்துக்குத் திரும்பிவிட்டேன். மாமாவின் தாடையில் இன்று காயம் இல்லை.

16 மார்ச், ஞாயிறு

கோவளம். முதல் அலையிலேயே உப்புத் தண்ணீர் குடித்து, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கிணற்றுக்குச் சுவர் இருந்தது, கடலுக்கு இல்லை. மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நீந்தினேன். சைக்கிளில் ஓரளவுக்குப் பரவாயில்லை, ஓட்டத்தில் பாதி நடைதான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் மிகச் சிலர். ஜீவிதா கலாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று குதித்தாள்.

சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததுதான் சங்கடம். இதற்குத்தானே அதைச் செய்தேன் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே, இது அந்த விலைக்குத் தகுமா என்றும். தகாது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வள்ளி, "முடிச்சிட்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். "சாப்பாடு மூடி வச்சிருக்குது" என்றாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

வள்ளிக்குப் பெங்களூர் வேலை கிடைத்து இன்று காலை கிளம்பினாள். விடுதியில் இருக்கப் போகிறாள். ரயில்வே ரோட்டிலேயே கிடைத்திருந்தால் மதியம் ஓடி வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். இனிமேல் மாதம் ஒருமுறை. நேற்று பெட்டி கட்டும்போது, "உள்ளூர்ல கெடச்சிருந்தா உள்ளூர்லயே கெடந்திருப்பேன்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? கேட்கத் தைரியம் வரவில்லை.

மாமா அவள் கையை விடவில்லை. "வா" என்றார். "வரேம்பா" என்றாள். என் கணவர் மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வாயைத் துடைத்து, சாய்த்து உட்கார வைத்தார். இப்போதெல்லாம் புரையேறுவதே இல்லை. கஞ்சியின் பதம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.  ஓட்டுநர் ஏறி வண்டியை எடுத்ததும் வள்ளி குனிந்து சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணாதீங்க அண்ணி. எனக்கு அன்னிக்குதான் தூங்க முடியும்."

"சரிமா" என்றேன். வண்டி வளைவில் திரும்பும் வரை நின்றேன்.

மற்ற நாட்களில் பண்ணலாம். நாளை திங்கட்கிழமை.