மின்னியின் உயிரைப் பகடைக்கு விட்ட ஓலை

மழை முறை தவறாமலும், வாயிற்கதவு பகைவருக்கன்றி எவர்க்கும் அடையாமலும் விளங்கும் பனிவரை நாட்டின் அரசி, ஏழ்குன்றம் காக்கும் செங்காந்தள் தேவி, கூவிர மலையில் தங்கியிருக்கும் நம் அவைக் கதைநடத்துநர் வெண்ணாகனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் ஊருக்கும் நலம் பெருகுக.

உம் ஓலை வந்தது. ஆளுக்கொரு கற்பனை மாந்தராகி, பகடை உருட்டி, ஏழாண்டுகளாக முழுநிலா நாள்தோறும் பிற்பகலில் நாம் ஆடிவரும் கதையாட்டத்தை இனி நடத்த இயலாதென்றும், எம் மாந்தர் ஆற்றலின் உச்சமான இருபதாம் படிக்கு ஏறிவிட்டபடியால் அவர்களை அஞ்சவைக்கும் இடர் எதுவும் உமக்குத் தோன்றவில்லையென்றும் எழுதியிருந்தீர். படித்து வருந்தினோம், வியக்கவில்லை.

சென்ற திங்கள், நாற்பது நாள் உழைத்து, கடலடிக் கோட்டையும், அதைக் காக்கும் முத்தலை நாகமும், அந்நாகத்தின் துயரக் கதையுமாக வந்தீர். மருத்துவர் பொன்னரியாரின் முனிவர் கடலைப் பிளந்தார். படைத்தலைவர் கொற்றவேளின் வீரன் ஒரே வீச்சில் மூன்று தலைகளையும் கொய்தான். அடுத்த நாகமாவது தாம் சுண்டல் தின்று முடிக்கும்வரை உயிரோடிருக்குமா என்று படைத்தலைவர் வினவ, அனைவரும் நகைத்தோம். எவரும் கேளாத அந்தக் கதைச் சுவடியை நீர் மீண்டும் கட்டி வைத்தீர்.

பிழை உம்முடையதென்று எழுதியிருந்தீர். அது உம் பிழையன்று, எம்முடையது. மூன்றாம் ஆண்டில் எம் மாந்தராகிய மின்னி என்னும் சந்தைத் திருடி அறுந்த பாலத்தில் தொங்கினாள். பகடையில் ஒன்று விழுந்தால் அவள் மடிவாள். மறைப்புத் தட்டிக்குப் பின்னே நீர் பகடையை உருட்டி, எம் முகத்தை ஒருமுறை பார்த்து, ஐந்து என்றீர். உமக்குப் பின்னிருந்த வெண்கலக் குடத்தில் யாம் கண்டதோ ஒன்று. கண்டும் வாய் திறக்கவில்லை. அவளை இழக்க மனம் வரவில்லை. அரசியின் ஆளைக் காத்தபின் மற்றவரை மட்டும் சாகவிடுவது முறையன்றென்று எல்லோரையும் காத்தீர். சாவில்லாதவர்களுக்கு நாகம் எம்மாத்திரம்?

எமக்கு இன்னும் பெரிய நாகம் வேண்டா. வாளை உருவுமுன் கேட்டிருக்க வேண்டிய அந்தக் கதையை இப்போது கேட்கிறோம். அந்நாகத்துக்குக் குஞ்சுகள் இருக்குமாயின், அவை தம் தாய் எங்கே என்று எம்மிடம் வந்து வினவட்டும். அதற்கு இருபதாம் படி உதவாது.

ஆட்டக்களத்தில் கதைநடத்துநர் சொல்லே அரசியின் சொல்லுக்கும் மேலானது என்பது நம் வழக்கு. ஆதலால் வருகவென்று உமக்கு ஆணையிடோம், வேண்டுகிறோம். ஆணை ஆடுவோர்க்கு மட்டுமே: மறைப்புத் தட்டி இன்று அகற்றப்பட்டது. பகடை எல்லோர் கண்முன்னும் உருளும். படைத்தலைவர் சுண்டலின்றி அமர்வார்.

இவ்வோலைக்கு அரச முத்திரை இல்லை. அதற்கு மாற்றாக, ஆட்டக்களத்தில் மின்னியாக நிற்கும் செஞ்சந்தனப் பாவையை ஓலைக் கயிற்றில் கட்டி அனுப்பினோம். அவளைக் குஞ்சுகளின் முன் நிறுத்துக. ஒன்று விழுந்தால் ஒன்று என்றே சொல்லுக. அப்போது பாவையை எமக்குத் திருப்பித் தரவேண்டா.