செவலை கன்று வீசியது

அன்பு மகள் சித்ரகலாவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். லூதியானாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ இரண்டு வருடமாக அப்பாவிடம் மட்டும்தானே பேசுகிறாய், அவர் போனை நீட்டினாலும் எனக்கு வாய் வருவதில்லை.

செவலை கன்று வீசிவிட்டது கண்ணு, நாலு மாதச் சினை கலைந்துபோச்சு. பத்து லிட்டர் கறக்கும் என்று போன வருடம் பல்லடத்தில் பிடித்து வந்தோமே, அந்த ஜெர்சிக் கலப்பு மாடுதான். நம் காங்கேயம் பசு ஒரு தரம் காளைக்குப் போய்வந்தால் போதும், கன்று போடும்வரை வேறு பேச்சே இல்லை, கறப்பது ஒரு சொம்புதான் என்றாலும் அதை நம்பலாம். செவலைக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. நாலாவது ஊசி போட்டு நாலு மாதம் கழித்து ஒருநாள் காலையில் விடாமல் கத்தினாள், இதுவும் போச்சு என்று ஊசி போடுகிற மகுடேஸ்வரனை நான்தான் வரச்சொன்னேன். அந்தத் தம்பி, எதற்கும் கைவிட்டுச் சினை பார்த்துவிட்டுப் போடலாம் என்றுதான் சொன்னது. பனியன் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, நல்லூர் போய்ச் சேர லேட்டானால் செக்கிங் சூப்பர்வைசர் பேசுவான். எனக்குத் தெரியாததா, போட்டுவிடுங்கள் என்று அவசரப்படுத்திவிட்டு வேன் ஏறிவிட்டேன். சினை மாடும் சில சமயம் பருவத்துக்கு வந்தது போலக் கத்துமாம், அந்த நேரத்தில் ஊசிக்குழல் உள்ளே போனால் கரு தங்காதாம்.

மூன்றாம் நாள் விழுந்துவிட்டது. ஒரு சாண் நீளம்தான், குளம்புகூட வந்திருந்தது, கிடேரி. அப்பா பழைய பனியன் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் புதைத்தார். செவலை இரண்டு நாள் கட்டுத்தரையை மோந்து மோந்து கத்தினாள். அப்பா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் தேவலை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "போயி ரெண்டு வாய் சோறு உண்ணு புள்ள" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அழுதேன். உனக்கு மூன்றாம் மாதம் கலைந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எனக்குத்தான் முதலில் போன் செய்தாய். வண்டியில் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாயா என்றேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது. மாட்டையும் உன்னையும் சேர்த்துப் பேசுகிறாளே என்று கோபப்படாதே, உன்மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணு. தப்பு செய்தவள் நான், என்னையே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்று மகளுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

குழந்தையைப் பற்றி இனி நான் எதுவும் கேட்கமாட்டேன். கம்பளியை வெயிலில் உலர்த்திப் போர்த்திக்கொள். வேன் என்னை ஆறரைக்கு இறக்கிவிடும், அதற்குமேல் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். அன்றைக்கு உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன், போயி ரெண்டு வாய் சோறு உண்ணு கண்ணு.

உன் அம்மா,
மயிலாள்