கெணத்துக்காரனுக்கு முப்பது ரூம்

2006 மார்ச் 5, ஞாயிறு

எறையூர் போயிட்டு வந்தேன். மாமா கரும்புக்குத் தண்ணி கட்டப் போயிருந்தாரு. அத்தை கோழிக் கொழம்பு வச்சிருந்தாங்க. ருசி ஒண்ணும் தெரியல. ஆனா மூணு தடவ சோறு வாங்கிக்கிட்டேன், இல்லன்னா அவங்க மூஞ்சி மாறிடும். எம் பொண்டாட்டி பரிமளா போயி இன்னியோட அஞ்சு மாசம். நாலே நாள் காய்ச்சல். இன்னிக்கு அந்த வூட்டுல யாரும் அதப் பத்திப் பேசல.

கெளம்புறப்ப அத்தை ஒரு பைய குடுத்தாங்க. உள்ள அவளோட டிவி கேமு, காரியம் முடிஞ்சு அவ பொட்டியோட எறையூருக்குப் போனது. 97ல லப்பைக்குடிக்காட்டுல, துபாய்லேர்ந்து வந்த ஒருத்தர்ட்ட மாமா வாங்குனது. பிளஸ் டூ பரிச்சைக்கு ஒரு வாரம் இருக்கறப்ப வாங்கிக் குடுத்தாராம். அத்தை அதுக்கு இன்னிக்கும் திட்டுறாங்க.

மஞ்சக் கேசட்டு, மேல ஜப்பான் எழுத்து. உண்மையான பேரு எவனுக்கும் தெரியாது. அவ வச்ச பேரு கெணத்து கேமு. குட்டியா ஒரு ஆளு, கையில லாந்தர். கெணத்துக்குள்ள எறங்கி, குதிச்சுக் குதிச்சு, ரூமுக்கு ஒரு சாவி எடுத்துக்கிட்டு கீழ போய்க்கிட்டே இருக்கணும். மூலையில 1/30ன்னு நம்பர் ஓடும்.

வந்ததும் டிவில சொருவிப் பாத்தேன். வெறும் பச்சக் கோடு. ஊதிப் பாத்தேன். கழட்டி ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன். சோல்டர் வச்சுப் பாத்தேன். சிப்பு செத்துப் போச்சு. சிமெண்ட் ஃபேக்டரில அம்மாம் பெரிய சூளைக்கு மீட்டர் பாக்குறவன் நான். இது வரல.

மார்ச் 7

அவ இருந்தப்ப, ஷிப்டு முடிஞ்சு நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள கேமு ரிமோட்ட நீட்டுவா. "இந்த ரூம் மட்டும் தாண்டிக் குடுங்க, டிப்ளமோ." நான் படிச்ச படிப்புதான் அவ என்னக் கூப்புடுற பேரு. எப்பவும் பத்தொன்பதாவது ரூம்தான். நான் இருபத்தொண்ணத் தாண்டுனதே கெடையாது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உழுந்துக்கிட்டே இருப்போம். இதே கேம நானே கம்ப்யூட்டர்ல புதுசா எழுதித் தரேன், கடைசி ரூம்ல என்னா இருக்குன்னு நீ பாத்துக்கன்னு சொல்லுவேன். ரெண்டு வருசம் சொன்னேன். ஒரு வரி எழுதல.

இப்ப எழுதலாமா? யாரு ஆடப் போறா?

மார்ச் 11

ஆரம்பிச்சுட்டேன். ஆளு ஸ்கிரீன்ல நிக்கிறான். நடக்க மாட்டேங்குறான்.

மார்ச் 13

நடக்குறான். பின்னாடியே நடக்குறான்.

ஏப்ரல் 2, ஞாயிறு

பத்து ரூம் முடிஞ்சுது. ஞாபகத்துலேர்ந்தே போட்டேன். எட்டாவது ரூம்ல ஒரு வவ்வாலு மூணு சுத்து சுத்திட்டு நாலாவதுக்கு நேரா மூஞ்சிக்கு வரும். அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரில அந்த நாலு நாளு மட்டும் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வவ்வாலு எத்தன சுத்துன்னு தெரியுது.

எறையூர்ல மாமாகிட்ட சொன்னேன், கெணத்து கேம புதுசா எழுதுறேன்னு. கலர்லாம் கூட வருமான்னு கேட்டாரு. பழசுல நாலே கலரு, இதுல எவ்வளவு வேணா வரும்னேன். அப்ப ஆளுக்குத் தலையில ஒரு துண்டு கட்டி வுடுங்க மாப்ள, கெணத்துல எறங்குறவன் வெறுந்தலையோடவா எறங்குவான்னாரு.

சாப்புடுறப்ப அத்தை மெதுவா ஆரம்பிச்சாங்க. "வருசம் திரும்பட்டும் மாப்ள. அப்பறம் நீங்களும் ஒரு வழியப் பாத்துக்கணும். எத்தினி நாளைக்கு இங்கயே வந்துக்கிட்டு இருப்பீங்க."

நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனா பஸ்ஸுல அதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. சித்தப்பா வூட்டுல ஒண்டி வளந்தவன் நான். வாங்க மாப்ளன்னு கூப்புட ஒலகத்துல எனக்கு இருக்கறது அந்த ஒரு வூடு. அவங்க பொண்ணும் இல்ல, எங்களுக்குப் புள்ளையும் இல்ல. புரட்டாசில தெவசம் முடிஞ்சா, அப்பறம் நான் அங்க யாரு? எந்தச் சாக்க வச்சுப் போவேன்?

இப்போதைக்கு இந்த கேமுதான் சாக்கு. முடிக்கணும். மெதுவாவும் முடிக்கணும்.

ஏப்ரல் 9

துண்டு கட்டியாச்சு. செவப்பு. நல்லாத்தான் இருக்கு.

மே 14, ஞாயிறு

இருபத்தொண்ணாவது ரூமோட நின்னுச்சு. அதுக்குக் கீழ நான் பாத்ததே இல்ல. நெட் சென்டர்ல ஒரு மணி நேரம் தேடிப் பாத்தேன். ஜப்பான் எழுத்த எப்புடித் தேடுறது? கெணறு, லாந்தர்னு போட்டா லாந்தர் விக்கிற கடைதான் வருது.

மாமாகிட்ட சொன்னேன், இதுக்கு மேல தெரியாது, இத்தோட முடிச்சுக்க வேண்டியதுதான்னு. அவரு எழுந்திரிச்சுப் போயி ஒரு மஞ்சப்பைய எடுத்தாந்தாரு. மில்லுலேர்ந்து வந்த கட்டிங் ஆர்டர். எந்த வயலு, எந்தத் தேதி கரும்பு வெட்டணும்னு குடுப்பாங்களே, அந்தத் தாளு. பத்து வருசத்துது இருக்கும். மனுசன் ஒரு தாளக் கூட தூக்கிப் போடல. அவ பொட்டியிலயும் இதே மாதிரி கொஞ்சம் இருந்துச்சு, அதையும் இதுலயே சேத்து வச்சேன்னாரு.

திருப்பிப் பாத்தா, பின்னாடி பூரா அவ எழுத்து. ரூம் ரூமா படம். சாவி எங்க, ஏணி எங்க, வவ்வாலு எங்கன்னு பென்சில்ல. 1, 2, 3ன்னு நம்பரு. இருபத்தொம்பது வரைக்கும் இருக்கு.

இருபத்தொம்பதா? அவ பத்தொன்பதுல நின்னவளாச்சே. கூட ஆடுன சேக்காளிங்க எவளாச்சும் சொல்லி எழுதியிருப்பாளோ?

ஜூன் 3, சனி

படத்துல இருக்கற மாதிரியே மிச்ச ரூமும் போட்டுட்டேன். இருபத்திரண்டாவதுலேர்ந்து பாதிப் படிக்கட்டுல பெருக்கல் குறி மாதிரி போட்டு வச்சிருக்கா. முள்ளு. அதையும் வச்சேன். கால வச்சா ஆளு காலி.

கூட வேல பாக்குற நல்லுசாமிய வூட்டுக்குக் கூப்புட்டு ஆடச் சொன்னேன். வாயில சிகரெட்டு மாதிரி பேனாவ வச்சுக்கிட்டு ஒக்காந்தான். ரெண்டு மணி நேரம். இருபத்திரண்டாவது ரூம்ல அறுவது தடவ செத்தான். கடைசில பேனாவ எடுத்துட்டுச் சொன்னான், "குரு, இது கேமு இல்ல. நீ யார் மேலயோ கோவமா இருக்க."

நான் ஒண்ணும் மாத்தலடா, அவ போட்டு வச்சதுதான்னேன். டீ குடிக்கப் போலாமான்னான்.

போனோம். அவன் சொன்னதத் திருப்பித் திருப்பி யோசிச்சேன். யார் மேல கோவம்?

ஜூலை 16, ஞாயிறு

இன்னிக்கு நடந்தத முழுசா எழுதி வச்சிடணும்.

சிபியுவ ஒரு யூரியா சாக்குல போட்டு அரியலூர்லேர்ந்து பெரம்பலூர், அங்கேர்ந்து இன்னொரு பஸ்ஸு. மடியிலயே வச்சிருந்தேன். உள்ள என்னாய்யா, சேவலான்னு கண்டக்டர் கேட்டாரு. கம்ப்யூட்டருன்னேன். நம்பாம சாக்கத் தட்டிப் பாத்துட்டுப் போனாரு.

மாமா வூட்டு டிவில வயர் போட்டுக் காட்டுனேன். செவப்புத் துண்டப் பாத்து ரொம்ப சந்தோசம் அவருக்கு. அத்தையக் கூப்புட்டுக் காட்டுனாரு. அப்பறம் இருபத்திரண்டாவது ரூம். நான் ஆடி ஆடி உழுவுறேன். மாமா கேட்டாரு, நடக்குற எடம் பூராவும் எதுக்கு மாப்ள முள்ள நட்டு வச்சிருக்கீங்க, அவன் எப்புடித்தான் போவான்? பரிமளா படத்துல அப்புடித்தான் மாமா இருக்குன்னு தாள எடுத்துக் காட்டுனேன்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. அப்பறம் தாளத் திருப்பி முன்பக்கத்தக் காட்டுனாரு. அவரு கையால போட்ட வயல் படம். பாத்தி பாத்தியா கட்டம், கட்டத்துக்கு கட்டம் அதே பெருக்கல் குறி.

"முள்ளு இல்ல மாப்ள. வெட்டியாச்சுன்னு அர்த்தம். ஒரு பாத்தி வெட்டி முடிச்சா ஒரு குறி போடுவேன், ஆளுங்களுக்குக் கூலி குடுக்கத் தோதா. சின்னதுலேர்ந்து பாத்தவ, அதையே போட்டிருக்கா. இந்தப் படி தாண்டியாச்சு, அந்தப் படி தாண்டியாச்சுன்னு."

நான் ஒவ்வொரு தாளா எடுத்துப் பாத்தேன். இருபத்திரண்டு, வெட்டியாச்சு. இருபத்தஞ்சு, வெட்டியாச்சு. இருபத்தொம்பது, கடைசிப் படி வரைக்கும் வெட்டியாச்சு.

முப்பது எங்க? மாமா மஞ்சப்பையக் கவுத்துக் கொட்டுனாரு. அத்தையும் ஒக்காந்து தேடுனாங்க. அவங்கதான் எடுத்தாங்க, நாலா மடிச்சு ஒரு தாளு. 2004, தீவாளிக்கு மறுநாள்னு தேதி. கல்யாணம் ஆயி ஒரு வருசம் கழிச்சு. கட்டம் ஒண்ணுதான், சின்னதா ஒரு குறி. கீழ எழுதியிருக்கா:

"முப்பது முடிஞ்சுது. லாந்தர கீழ வச்சிட்டு சும்மா உக்காந்துக்கறான். அவ்ளோதான். இவர்கிட்ட சொல்லக் கூடாது."

அதுக்கப்பறமும் ஒரு வருசம் பத்தொன்பதாவது ரூம்ல என்கிட்ட ரிமோட்ட நீட்டியிருக்கா. தாண்டிக் குடுங்க டிப்ளமோ. நான் முக்கி முக்கி ஆடுவேன். பக்கத்துல ஒக்காந்து அய்யோ அய்யோம்பா. எங்க வவ்வாலு வரும்னு அத்தனையும் தெரிஞ்சுகிட்டு.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நிறுத்த முடியல. "சரியான ஏமாத்துக்காரி மாப்ள எம்பொண்ணு"ன்னுட்டு மாமாவும் சிரிக்கிறாரு. அத்தை முந்தானைய வாயில வச்சுக்கிட்டு குலுங்குறாங்க, சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு தெரியல. நான் எதுல இருக்கேன்னு எனக்கும் கொஞ்ச நேரம் தெரியல. ஒம்பது மாசமா வராதது எல்லாம் சேந்து அந்த டிவிக்கு முன்னாடி வந்துச்சு. மாமா டிவி சத்தத்தக் கொறச்சாரு. வேற ஒண்ணும் பண்ணல.

ஜூலை 17

முள்ளு எல்லாத்தையும் எடுத்துட்டேன். மொத்தம் எரநூத்தி பதினாலு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முடிஞ்சுது. முப்பது ரூமும். ஃபேக்டரில ஏலத்துல எடுத்த பழைய கம்ப்யூட்டர ஒண்ண சரி பண்ணி எறையூர்லயே வச்சிட்டேன்.

மாமா ஆடுறத டிக்கெட் போட்டுக் காட்டலாம். ஆளு குதிச்சா இவரும் நாக்காலிலேர்ந்து எழும்புறாரு. இடது பக்கம் போவணும்னா கீபோர்ட தூக்கி இடது பக்கம் வளைக்கிறாரு. அப்புடி வளைக்க வேணாம் மாமா, பட்டன அமுக்குனா போதும்னா, அமுக்கிக்கிட்டுத்தான் வளைக்கிறேன்றாரு. நாலாவது ரூம் வரைக்கும் போனாரு.

அத்தைக்குக் கடைசி ரூம மட்டும் காட்டுனேன். லாந்தர வச்சிட்டு ஒக்காந்துருக்கான். ரொம்ப நேரம் பாத்துட்டு, பாவம், தனியா இருக்கானே, பக்கத்துல ஒரு ஆளப் போடக் கூடாதான்னு கேட்டாங்க.

ஒரிஜினல்ல இல்ல அத்தைன்னேன். அவ பாத்தது எப்புடியோ அப்புடியே இருக்கட்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

தெவசம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு, இனிமே ஒங்க வாழ்க்கையப் பாருங்கன்னாங்க. மாமா பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தாரு. நான் அடுத்த வாரம் வரேன்னு சொல்லல. சொல்ல என்னா உரிமை இருக்கு?

அக்டோபர் 29, ஞாயிறு

அஞ்சு வாரமா போவல. தீவாளிக்குக் கூப்புட்டாங்க. ஷிப்டுன்னு பொய் சொன்னேன். கேமும் முடிஞ்சுது, வருசமும் திரும்பிடுச்சு. ஞாயித்துக்கெழமைல என்னா பண்றதுன்னு தெரியல. துணி தொவச்சேன்.

டிசம்பர் 10

நல்லுசாமி அவன் வூட்டுக்கு கேமுல ஒரு காப்பி போட்டு வாங்கிட்டுப் போனான். அவன் பொண்டாட்டி முப்பதையும் முடிச்சிட்டாளாம். இவன் பதினாலுல நிக்கிறானாம். உண்மையிலயே நிக்கிறான்.

2007 ஜனவரி 12, வெள்ளி

காலை ஷிப்டு முடிஞ்சு ரெண்டரைக்கு வந்தேன். வாசல்ல மாமா ஒக்காந்திருந்தாரு. பக்கத்துல ஒரு கட்டு கரும்பு, மஞ்சக் கொத்து, புதுப் பானை, அரிசி, வெல்லம். பொங்கச் சீரு.

சீரெல்லாம் பொண்ணுக்குத்தான மாமா கொண்டாருவாங்கன்னேன். கேட்டுட்டு ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு.

அவரு கரும்புக் கட்டத் தூக்கி உள்ள சாத்தி வச்சாரு. "நான் பொண்ணுக்குன்னு கொண்டாரல மாப்ள, இந்த வூட்டுக்குக் கொண்டாந்தேன். அதுக்கு வருசம் திரும்புறது கெடையாது."

அப்பறம் தண்ணி கேட்டாரு. குடிச்சுட்டு, பதினேழாவது ரூம்ல சாவி கைக்கு வரவே மாட்டேங்குது, ரெண்டு மாசமா நிக்கிறேன், எழுதுன ஆளு எட்டிக் கூடப் பாக்கலன்னு சண்ட போட ஆரம்பிச்சாரு. கம்ப்யூட்டரப் போட்டேன். நாலு தடவ காட்டிக் குடுத்தும் வரல. ஞாயித்துக்கெழம வந்து காட்டுறேன் மாமான்னேன். அத்தை அன்னிக்கு நாட்டுக்கோழி எடுத்துடுவான்னாரு.

எனக்குப் பொங்க வைக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நிக்கறப்ப அவர்ட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல, அத்தைக்குப் போன் போட்டுக் குடுத்தாரு. எழுதி வச்சுக்கறேன்:

அரிசி அரைப்படி. பாசிப்பருப்பு ஒரு கை, வறுத்துக்கணும். வெல்லத்தக் கரைச்சு வடிகட்டணும், மண்ணு இருக்கும். பாலு பொங்கி வழியட்டும், வழியறப்ப பயந்துக்கிட்டு அடுப்ப அமத்திடக் கூடாது.